அசுரன் எலும்பா, 2 கோடி வயசு மரமா? திருவக்கரை கல்மரங்களை உலகுக்குச் சொன்ன பியேர் சொன்னரா யார்?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது திருவக்கரை. இந்த ஊருக்குப் போய் வந்தவர்கள் இரண்டு விஷயத்தைச் சொல்வார்கள். ஒன்று, வக்கிரகாளியம்மன் சன்னதி. இன்னொன்று, செம்மண் மேட்டில் படுத்துக் கிடக்கும் கல்மரங்கள்.

தூரத்தில் இருந்து பார்த்தால் வெட்டிப் போட்ட அடிமரம் மாதிரியே இருக்கும். கிட்டப் போனால் மரத்தின் வரிகள் கூடத் தெரியும். தொட்டால்தான் தெரியும், அது கல்.

ஊர்க்கதைப்படி இவை ஓர் அசுரனின் எலும்புகள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை சொல்வதன்படி இவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள்.

இதில் எது சரி என்ற கேள்விக்கு இன்னைக்குப் பதில் தெரியும். ஆனால் அந்த இடத்தை முதன்முதலில் ஐரோப்பாவுக்கு எழுதிச் சொன்னவர் யார் என்று கேட்டால், அங்கேதான் ஒரு ட்விஸ்ட். அவர் பெயர் பியேர் சொன்னரா. பிரெஞ்சுக்காரர், இயற்கை ஆய்வாளர். ஒரு போலி வேதத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர். அதே சமயம், தானே ஒரு பெரிய பொய்யை அச்சில் ஏற்றியவர்.

நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் நடுவில் இருக்கும் கோடு எங்கே போகிறது என்று புரிந்துகொள்ள, இவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஊர் சொல்லும் கதை என்ன?

திருவக்கரை பாடல் பெற்ற தலம். சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் மூன்று முகம் கொண்ட லிங்கம் மூலவர். சோழர் காலத்தில் செம்பியன் மாதேவி திருப்பணி செய்த கோயில் இது. வராக நதி என்கிற சங்கராபரணி ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது.

தலபுராணம் இப்படிப் போகிறது. வக்கிராசுரன் என்ற அசுரன் சிவனை வேண்டித் தவம் இருந்து வரம் வாங்குகிறான். வரம் கிடைத்ததும் தேவர்களை வதைக்கிறான். கொடுத்த வரத்தைச் சிவனே மீற முடியாது என்பதால், திருமால் சக்கரத்தை ஏவி அவனைக் கொல்கிறார். அவன் தங்கை துன்முகியைக் காளி வதம் செய்கிறாள். அந்தக் காளிதான் வக்கிரகாளி.

அப்போது செத்து விழுந்த அசுரனின் எலும்புகள்தான் கல்லாகிக் கிடக்கின்றன என்பது ஊர்நம்பிக்கை. மனுஷ உடம்பைவிடப் பல மடங்கு பெரிதாக, உருண்டையாக, நீளமாகக் கிடப்பதைப் பார்த்தால் ஏன் அப்படித் தோன்றியது என்பது புரியும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஊர்க்கதை இதைச் சும்மா பாறை என்று சொல்லவில்லை. இது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது, பிறகு கல்லாச்சு என்று சொல்கிறது. அந்தப் பாதி சரி. எதனுடைய உடம்பு, எப்படிக் கல்லாச்சு என்ற மீதிப் பாதியில்தான் கதை வேறு, அறிவியல் வேறு.

யார் இந்த சொன்னரா?

1748-ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் பிறந்தவர் பியேர் சொன்னரா. அதே ஊர்க்காரரான பியேர் புவாவ்ர் இவருக்குச் சொந்தம். இந்த புவாவ்ர் அப்போது மொரீஷியஸ் தீவின் நிர்வாகி. அந்தக் காலத்தில் அந்தத் தீவு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது.

ஜாதிக்காயும் கிராம்பும் அப்போது தங்கத்துக்குச் சமம். அவை விளையும் மொலுக்கஸ் தீவுகளை டச்சுக்காரர்கள் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு கன்று கூட வெளியே போகக் கூடாது என்று காவல். அந்தக் கன்றுகளைக் கடத்திக்கொண்டு வந்து மொரீஷியஸில் நட்டுவிடணும் என்பதுதான் புவாவ்ரின் வாழ்நாள் திட்டம்.

1768 வாக்கில், 20 வயசில், சொன்னரா அந்தத் தீவுக்குப் போகிறார். நல்லாப் படம் வரைவார். அங்கே இருந்த பெரிய தாவரவியலாளர் கொமர்சனிடம் வேலை கற்றுக்கொள்கிறார். பிறகு ஜாதிக்காய் தேடிப் போன கப்பல் ஒன்றில் பிலிப்பைன்ஸ், மொலுக்கஸ் பக்கம் பயணம் போய் வருகிறார். வழியில் பார்த்த பறவை, செடி, பழம் எல்லாவற்றையும் வரைந்து எடுத்து வருகிறார்.

இதுவரை எல்லாம் சரி. இதற்கு அப்புறம்தான் சிக்கல்.

போகாத நாட்டில் பார்த்த பெங்குயின்

1776-ல் சொன்னராவின் முதல் புத்தகம் பாரிஸில் வெளிவந்தது. தலைப்பிலேயே நியூகினி பயணம் என்று போட்டிருந்தார். நியூகினி என்பது ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் பெரிய தீவு. ஐரோப்பியர்களுக்கு அப்போது அந்தத் தீவு பற்றி அதிகம் தெரியாது.

புத்தகத்தில் அந்தத் தீவின் பறவைகள் என்று பல படங்கள். அதில் பெங்குயினும் இருந்தது.

ஆமாம், பெங்குயின்தான். அனல் அடிக்கும் வெப்பமண்டலத் தீவில்!

சிரிக்கிற மாதிரிக் கத்தும் குக்கபுரா பறவையையும் அங்கே பார்த்ததாக எழுதினார். உண்மையில் அது ஆஸ்திரேலியப் பறவை. சொன்னரா நியூகினியில் கால் வைக்கவே இல்லை என்பது பின்னால் வந்த ஆய்வாளர்களின் முடிவு. பாடம் செய்யப்பட்ட பறவை உடல்கள் வேறு யார் மூலமாகவோ அவர் கைக்கு வந்திருக்கின்றன. போன இடம், போகாத இடம் எல்லாவற்றையும் கலந்து கட்டிவிட்டார்.

அவரை நம்பித்தான் மற்ற விஞ்ஞானிகள் அந்தப் பறவைகளுக்குப் பெயர் வைத்தார்கள். அண்டார்டிக் பக்கம் வாழும் ஜென்டூ பெங்குயினின் அறிவியல் பெயரில் இன்றும் பாப்புவா என்று இருக்கிறது. குக்கபுராவின் பெயரில் நியூகினி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் வைத்த பெயரை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பது அறிவியல் பெயரிடும் விதி. அதனால் 240 ஆண்டுகள் தாண்டியும் அந்தத் தப்பு பெயரில் நிற்கிறது.

ஆனால் எந்தப் பாடப்புத்தகமும் இன்று நியூகினியில் பெங்குயின் இருப்பதாகச் சொல்லாது. பெயர் நின்றது, தகவல் திருத்தப்பட்டது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில் தேவைப்படும்.

புதுச்சேரியும் கல்மரமும்

1774-ல் சொன்னரா மறுபடியும் கப்பல் ஏறினார். இந்த முறை அரசாங்க உத்தரவு. 1781 வரைக்கும் நீண்ட இந்தப் பயணத்தில் சோழமண்டலக் கரை, இலங்கை, மலபார், சீனா என்று சுற்றினார். புதுச்சேரி அவருக்கு முக்கியமான தளம். இந்தப் பயணங்களின் முடிவில், 1782-ல் கிழக்கிந்தியா மற்றும் சீனப் பயணம் பற்றிய அவரது பெரிய புத்தகம் வந்தது.

புதுச்சேரியில் இருந்து திருவக்கரை அதிக தூரம் இல்லை. திருவக்கரை கல்மரங்கள் பற்றிய முதல் ஐரோப்பியப் பதிவு 1781-ல் சொன்னரா செய்தது என்றுதான் இன்றும் குறிப்பிடப்படுகிறது. எலும்பு என்று சொல்லப்பட்டதை அவர் மரம் என்று எழுதினார்.

இப்போது நமக்கு ஒரு சந்தேகம் வரணும். பெங்குயின் விஷயத்தில் கதை விட்டவரை இங்கே மட்டும் எப்படி நம்புவது?

நம்பவே வேண்டாம் என்பதுதான் பதில். திருவக்கரை போகாத தீவு இல்லை. யார் வேண்டுமானாலும் நேரில் போய், தொட்டு, உடைந்த துண்டை வைத்துச் சோதிக்கலாம். அப்படித்தான் நடந்தது. சொன்னராவுக்குப் பிறகு சுமார் 30 ஆண்டுக்குள், சென்னை வானியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் வாரன் என்ற அதிகாரி இந்தக் கல்மரங்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். 1800-களின் நடுவில் ஜெர்மன் தாவரவியலாளர்கள் துண்டுகளைச் சோதித்து இனம் பிரித்தார்கள். அதன் பிறகு இந்திய விஞ்ஞானிகள் வந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மரம்.

அவர் ஊரிலும் இதே சண்டை

நம்ம ஊர் புராணத்தை நம்பியது, ஐரோப்பா அறிவியலை நம்பியது என்று இதைப் பிரித்துவிட முடியாது. அதே காலத்தில் அங்கேயும் இதே சண்டைதான் ஓடிக்கொண்டிருந்தது.

மலை உச்சியில் கடல் சிப்பி கல்லாகிக் கிடந்தால், அது நோவா காலத்து வெள்ளத்தில் வந்தது என்பது அங்கே பலரின் நம்பிக்கை. உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்று அயர்லாந்து பேராயர் அஷர் பைபிளை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். அதன்படி பூமிக்கு வயசு 6,000 ஆண்டுகூட ஆகவில்லை.

சொன்னரா பறவைகளும் செடிகளும் அனுப்பிய பாரிஸ் அரச நூதனசாலைக்குத் தலைவராக இருந்தவர் புஃபோன். பூமியின் வரலாறு பற்றி அவர் 1749-ல் எழுதியது சமயத்துக்கு விரோதம் என்று பாரிஸ் இறையியல் பேராசிரியர்கள் கண்டித்தார்கள். புஃபோன் பின்வாங்கி அச்சிலேயே விளக்கம் கொடுத்தார். ஆனால் 1778-ல் மறுபடியும் எழுதினார். இரும்பு உருண்டைகளைப் பழுக்கக் காய்ச்சி, ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, பூமிக்கு வயசு சுமார் 75,000 ஆண்டு என்றார்.

அந்த எண்ணும் தப்புதான். இன்றைய மதிப்பீடு சுமார் 454 கோடி ஆண்டு. 1950-களில் விண்கற்களில் இருக்கும் ஈயத்தை அளந்து இந்தக் கணக்குக்கு வந்தார்கள்.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு தகவலையும் பேசிடலாம். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்று புராணம் சொல்கிறது, அது பூமியின் வயசுக்கு அருகில் வருகிறது, ஆக நம் முன்னோர் அளந்துவிட்டார்கள் என்று அதில் இருக்கும். எண் கிட்ட வருவது உண்மைதான். ஆனால் எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்பதற்கு அதில் பதில் கிடையாது. புஃபோனின் எண் மிகத் தப்பு, ஆனால் அளந்த வழி இருந்தது. அதனால் அடுத்தவர் வந்து திருத்த முடிந்தது. வழி தெரியாத எண்ணைப் பாராட்டலாம், திருத்த முடியாது.

மரம் எப்படிக் கல் ஆச்சு?

சரி, கல்மரத்துக்கே வருவோம். இது நடந்த விதம் இப்படித்தான்.

ஒரு பெரும் வெள்ளம் அல்லது பல வெள்ளங்கள், காட்டு மரங்களை வேரோடு சாய்த்து அடித்துக்கொண்டு வருகின்றன. திருவக்கரை மரங்களில் வேர், கிளை, இலை பெரும்பாலும் இல்லாததும், எல்லாம் படுத்தபடி கிடப்பதும் இதற்கான தடயம். அங்கேயே வளர்ந்த மரம் என்றால் வேரோடு நின்றிருக்கணும்.

வந்து சேர்ந்த மரங்கள் ஆற்று மணலுக்கு அடியில் ஆழமாகப் புதைகின்றன. காற்றுப் படாததால் சீக்கிரம் மட்கவில்லை. மணல் வழியாக இறங்கும் தண்ணீரில் சிலிக்கா கரைந்திருக்கும். மணலும் கண்ணாடியும் எதனால் ஆனதோ, அதே பொருள்தான். அது மரத்தின் நுண்ணிய அறைகளுக்குள் புகுந்து படிகிறது. மரச்சத்து மெல்ல மெல்லக் கரைய, அந்த இடத்தில் கல் உட்காருகிறது. அறைக்கு அறை இப்படி மாறுவதால் மரத்தின் வரியும் அமைப்பும் அப்படியே நிற்கின்றன.

பிறகு மேல் மண் அரித்துப் போக, கல்மரம் வெளியே தெரிகிறது. சில தண்டுகள் பல மீட்டர் நீளம் இருக்கின்றன. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, எந்தக் குடும்பத்து மரம் என்று கூடச் சொல்லியிருக்கிறார்கள். ஊசியிலை மரங்கள் இருக்கின்றன. புளி, ஆமணக்கு குடும்பங்களைச் சேர்ந்தவையும் இருக்கின்றன.

எலும்பு என்றால் உள்ளே எலும்பின் அமைப்பு தெரியணும். இதில் தெரிவது தண்ணீர் ஏறும் மரக்குழாய்கள். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

2 கோடி என்ற எண் எங்கே இருந்து வந்தது? கார்பன் முறை இதற்கு உதவாது. அது சுமார் 50,000 ஆண்டு வரைக்கும்தான் வேலை செய்யும். மரம் கிடக்கும் பாறை அடுக்கு எது, அதே அடுக்கில் வேறு இடங்களில் என்ன உயிர்த்தடயங்கள் இருக்கின்றன என்று ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள். இந்த அடுக்குக்குக் கடலூர் மணற்பாறை என்று பெயர். நெய்வேலி பழுப்பு நிலக்கரியும் இதோடு சேர்ந்த அடுக்குகளில்தான் இருக்கிறது. சதுப்பில் புதைந்த காடு அங்கே கரியாச்சு, மணலில் புதைந்த மரம் இங்கே கல்லாச்சு.

அந்தக் காலத்தில் மனிதர்களே கிடையாது. நம் இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

சாளக்கிராமம் என்ன ஆச்சு?

கல்லான உயிர்களைச் சொன்னரா இன்னொரு இடத்திலும் தொட்டார். அதுதான் சாளக்கிராமம்.

நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருங்கற்கள் இவை. உள்ளே சக்கரம் போலச் சுருள் இருக்கும். வைணவர்களுக்கு இது திருமாலின் வடிவம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களில் ஒன்றாகவே இருக்கிறது. நம்ம பக்கத்து வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாகப் பூஜையில் இருக்கும்.

அந்தச் சுருள், கல்லாகிப்போன ஒரு கடல் உயிரின் ஓடு என்று சொன்னரா எழுதினார். அது சரி. அம்மோனைட் என்ற அந்த உயிரினம் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. இமயமலை இருக்கும் இடத்தில் முன்பு கடல் இருந்தது என்பதற்கு அந்தக் கற்களே சாட்சி.

இது தெரிந்த பிறகு சாளக்கிராம பூஜை நின்றுவிட்டதா? இல்லை. கும்பிடுகிறவர்களில் பலருக்கு அது அம்மோனைட் என்பதும் தெரியும். கல் எங்கே இருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அதன் முன்னால் ஏன் கை கூப்புகிறோம் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு இரண்டாவதின் பதிலைக் கொடுத்தால்தான் தகராறு வரும்.

வோல்டேரை ஏமாற்றிய வேதம்

சொன்னராவின் 1782 புத்தகத்தில் முக்கியமான இன்னொரு பகுதி இருக்கிறது.

எழூர்வேதம் என்ற பெயரில் பிரெஞ்சு மொழியில் ஒரு கையெழுத்துப் பிரதி இந்தியாவில் இருந்து பாரிஸுக்குப் போயிருந்தது. பைபிளைவிடப் பழைய இந்திய வேதம் என்று அதைக் கொண்டாடியவர் யார் தெரியுமா? மூடநம்பிக்கைக்கு எதிராக வாழ்நாளெல்லாம் எழுதிய வோல்டேர். கிறிஸ்தவ சபையை மடக்க அவருக்கு இப்படி ஒரு நூல் தேவைப்பட்டது. கிடைத்ததும் சோதிக்காமல் நம்பிவிட்டார். 1778-ல் அது அச்சாகவும் வந்துவிட்டது.

இது வேதமே இல்லை, மசூலிப்பட்டினத்தில் ஒரு கிறிஸ்தவ மிஷனரி மதம் பரப்புவதற்காக எழுதிய நூல் என்று சொன்னரா போட்டு உடைத்தார். பல ஆண்டு கழித்து, திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் துரை புதுச்சேரியில் இருந்த மிஷனரி கையெழுத்துப் பிரதிகளைச் சோதித்தார். அது மிஷனரிகளிடமிருந்து வந்த நூல்தான் என்பது அவர் ஆய்விலும் தெரிந்தது. அந்தக் கட்டுரை 1822-ல் அவர் இறந்த பிறகு வெளிவந்தது.

பகுத்தறிவாளர் ஏமாந்தார், பெங்குயின் கதை விட்டவர் உண்மையைப் பிடித்தார். நமக்குப் பிடித்த பக்கம் நிற்கும் தகவல் என்றால் யாருக்குமே சோதிக்கத் தோன்றாது. பக்தர், நாத்திகர் என்ற வித்தியாசம் எல்லாம் அதில் கிடையாது.

மயிலம் சேவலும் காட்டுக்கோழியும்

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி போகும் வழியில் இருப்பது மயிலம். சூரபத்மன் மயிலாக மாறித் தவம் இருந்த மலை என்பது தலவரலாறு. முருகன் வேலால் பிளந்த சூரபத்மனின் ஒரு பாதி மயில் வாகனம் ஆனது, மறுபாதி சேவல் கொடி ஆனது என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை.

அந்தச் சேவல் எங்கே இருந்து வந்தது என்ற கேள்வி சொன்னராவுக்கும் இருந்தது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியை ஐரோப்பாவுக்கு விவரித்தவர் அவர். வீட்டுக்கோழிகளின் மூதாதை இதுதான் என்று கருதினார். 1813-ல் இந்தப் பறவைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1868-ல் டார்வின், வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான் என்றார். சொன்னரா சொன்னது தப்பு என்று முடிவாச்சு. பிறகு 2008-ல் வந்த மரபணு ஆய்வு இன்னொரு திருப்பம் கொடுத்தது. வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு, சாம்பல் காட்டுக்கோழியிடம் இருந்து வந்திருக்கிறது. முக்கிய மூதாதை சிவப்புதான், ஆனால் சாம்பலுக்கும் பங்கு உண்டு. 200 ஆண்டுகளுக்குப் பிறகு சொன்னராவுக்குக் கொஞ்சம் மார்க் திரும்பக் கிடைத்தது.

மயிலத்தில் சேவற்கொடியைக் கும்பிடுகிற யாருக்கும் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

கடைசிக் காலம்

1786-ல் சொன்னரா மீண்டும் இந்தியா வந்தார். ஏனாமில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். பிரான்ஸில் புரட்சி வெடித்தது. 1793-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை ஆங்கிலேயர் பிடியில்தான். சுமார் 20 ஆண்டுகள் ஊர் திரும்ப முடியவில்லை. 1813-ல்தான் ஐரோப்பா போனார். 1814-ல் பாரிஸில் இறந்தார்.

அவர் பெயர் வேறு இடங்களிலும் இருக்கிறது. லிச்சிப் பழத்துக்கு அறிவியல் பெயர் வைத்தவர் அவரே. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் வளரும் ஒரு மர இனத்தின் பெயரிலும் சொன்னரா இருக்கிறார்.

சோழியில் கிரகணக் கணக்கு

திருவக்கரை பற்றிக் கட்டுரை எழுதிய வாரனை மேலே பார்த்தோம். அவர் பின்னாளில் புதுச்சேரியில் இருந்தபோது ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த எண்களைக் கொண்டு, ஒரு காகிதமும் இல்லாமல் 1825 சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணக்கிட்டார் அந்த மனிதர். தொடக்க நேரத்தில் சில நிமிடங்கள்தான் வித்தியாசம், முடிவு நேரத்தில் அதைவிடக் கூடுதல். வாரன் இதைத் தன் நூலில் பதிவு செய்தார்.

ராகு நிலாவை விழுங்குகிறான் என்ற கதையும், சோழி வைத்துப் போட்ட கணக்கும் ஒரே ஊரில் ஒன்றாக வாழ்ந்திருக்கின்றன. கிரகணம் வந்தால் குளிப்பதற்குக் கதை காரணம் சொன்னது. எப்போது வரும் என்பதைக் கணக்கு சொன்னது. பஞ்சாங்கத்தில் நேரம் தப்பினால் ஊரே பார்த்துவிடும் என்பதால் கணக்கைச் சரியாக வைத்திருக்கும் கட்டாயமும் இருந்தது.

இப்போ நாம என்ன செய்யலாம்?

திருவக்கரை கல்மரப் பூங்கா இன்று தேசிய புவியியல் நினைவுச்சின்னம். மொத்தப் பரப்பு சுமார் 247 ஏக்கர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் இயங்கும் பகுதி இது. வேலிக்கு வெளியே நிலத்திலும் கல்மரத் துண்டுகள் கிடக்கின்றன. ஜல்லிக் கல்லுக்கும் 2 கோடி ஆண்டு மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சொன்னரா வாழ்க்கை சொல்லும் பாடம் இங்கேதான் உதவும். அவர் சொன்ன பெங்குயினைப் பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். கல்மரத்தை ஏற்றார்கள். காட்டுக்கோழியைத் தள்ளி, பிறகு பாதி ஏற்றார்கள். சொன்னது யார் என்று பார்க்கவில்லை, திரும்பச் சோதிக்க முடிகிறதா என்றுதான் பார்த்தார்கள். அதற்கு அந்தப் பொருள் அதே இடத்தில் இருக்கணும். கல் போய்விட்டால் கதை மட்டும்தான் மிஞ்சும், அதைச் சரிபார்க்க எதுவும் இருக்காது.

பௌர்ணமி இரவு ஜோதி தரிசனத்துக்காகத் திருவக்கரை கோயிலில் பெரிய கூட்டம் கூடும். அடுத்த முறை நீங்கள் போனால் வக்கிரகாளியைக் கும்பிட்ட பிறகு பகலில் பூங்காவுக்கும் போய்ப் பாருங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கு அசுரன் கதையையும் சொல்லுங்கள், மரத்தின் கதையையும் சொல்லுங்கள். எது கதை, எது சோதித்துப் பார்த்த தகவல் என்று சேர்த்துச் சொன்னால் போதும், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

முக்கியமா, ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டைக் கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீங்க. போட்டோ எடுத்துக்கங்க, அது போதும்.